தண்டோராவைக் காதுக்குள் அடிக்கிறார்கள்

போன செவ்வாய்க்கிழமை தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோர இடம், காதில் இயர்பட்ஸ். யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியிருந்த கதாகாலட்சேபம் ஓடிக்கொண்டிருந்தது. கேசட் பதிவு என்பதால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால்தான் சொல் புரியும். பாகவதர் குரலைத் தணித்து, அசோகவனத்தில் சீதை தனியாக உட்கார்ந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

'டிங்ங்ங்!'

தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் எதிர் சீட்டுக்காரர் காலடியில் போய் உருண்டது. அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்ன சார், ஷாக் அடிச்சுதா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான். வந்த செய்தி என்ன தெரியுமா? மளிகை ஆப்பில் தக்காளி விலை இறங்கிவிட்டதாம்.

இது எனக்கு முதல் முறை இல்லை. ராத்திரி படுக்கையில், நடைப்பயிற்சியில், பல் டாக்டர் வாசலில் காத்திருக்கும்போது என்று வாரத்துக்கு நாலு தடவையாவது நடக்கிறது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கஸ்டமர் கேரில் போனை ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பழைய எஸ்எம்எஸ் எல்லாம் போனதுதான் மிச்சம். ரிச்சி தெருவில் ஒரு கடைப்பையன் போனை வாங்கி, 'பில்ட் நம்பர்' என்ற இடத்தில் ஏழு முறை தட்டி, ஒளிந்திருந்த டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'அப்சல்யூட் வால்யூம்' என்ற ஒன்றை அணைத்துக் கொடுத்தான். போனின் வால்யூமும் இயர்பட்ஸின் வால்யூமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதை அவிழ்த்துவிடுவதாம் அது. சிலருக்குப் பலன் தருமாம். எனக்குப் பாகவதரும் சேர்ந்து அமுங்கிப் போனார். திரும்பப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் நானே உட்கார்ந்து யோசித்ததில் பிடிபட்டது இதுதான். நோட்டிஃபிகேஷன் சத்தம் எதற்காக உண்டாக்கப்பட்டது? போன் ஹாலில் மேஜைமேல் கிடக்கும், நாம் சமையலறையில் இருப்போம், குக்கர் விசில் அடிக்கும், டிவி ஓடும். அத்தனையையும் தாண்டி நம்மை வந்து தொட வேண்டும். அதனால்தான் அது கூர்மையாக, கீச்சென்று இருக்கிறது. போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலி சரியாக வராது என்பது இன்னொரு காரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்று பள்ளிக்கூடத்து இயற்பியல் சொல்கிறது. ஆக, அந்த 'டிங்' வழியில் தேய்ந்து தேய்ந்துதான் நம்மிடம் வரும் என்று கணக்குப் போட்டே அதைச் செய்கிறார்கள்.

அதே 'டிங்'கை எடுத்துக் காதுக்குள் விடுகிறார்கள். காதுத் துளையின் நீளமே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். அதன் வாயில் ரப்பர் மொட்டு வைத்து அடைத்தாயிற்று. தேய வழி ஏது? காதுக்கென்று ஒரு குணமும் உண்டு. 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிதான் அதற்கு மிக நன்றாகக் கேட்கும். கூர்மையான 'டிங்' பெரும்பாலும் வந்து விழுகிற இடமும் அதே பக்கம்தான்.

ஊரில் தண்டோரா போடுகிறவர் தெருமுனையில் நின்றுதான் அடிப்பார். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து தூங்குகிறவன் காதோரம் வைத்து அடித்தால் ஊர் சும்மா விடுமா?

பாட்டு கேட்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பாட்டுகளை ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபை அதற்காக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பதிவின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்று ஓர் அளவே வைத்திருக்கிறது. பழைய கேசட், வானொலி உரை, யாரோ கைபேசியில் பதிந்த பட்டிமன்றம் என்று என்னைப் போல் கேட்கிறவன்தான் வசமாக மாட்டுகிறான். மெல்லிய பதிவுக்காக வால்யூமை ஏற்றி வைக்கிறேன். நோட்டிஃபிகேஷன் சத்தமோ உச்சத்தில் பதிவு செய்யப்பட்டு ஒரு மூலையில் காத்திருக்கிறது.

"சைலண்ட்ல போட வேண்டியதுதானே?" இதைச் சொல்லாத நண்பர்கள் இல்லை. போடலாம். பிறகு வங்கி ஓடிபி வரும், பார்க்க மாட்டேன். ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவாள், எடுக்க மாட்டேன். என் போன் கொஞ்சம் பழசு. அதில் ரிங்டோனுக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் ஒரே வால்யூம் கோடு. தக்காளியின் வாயை மூடினால் அம்மாவின் வாயும் மூடிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு என்பதை ஆண்ட்ராய்டில் பொதுவாக ஒப்புக்கொண்டது 2023-இல், ஆண்ட்ராய்டு 14 வந்தபோதுதான். சில நிறுவனங்கள் தங்கள் போன்களில் அதற்கு முன்பே பிரித்து வைத்திருந்தன. அது வேறு விஷயம், அந்தப் போன் என்னிடம் இல்லை.

ஆப்புக்குள் ஒவ்வொரு வகைச் செய்திக்கும் தனித்தனியே சத்தம் வைக்கும் வசதி 2017-இல் ஆண்ட்ராய்டு 8-இலேயே வந்துவிட்டது. 'சேனல்' என்று பெயர். நல்ல ஏற்பாடு. விளம்பரத்தை ஊமையாக்கிவிட்டு டெலிவரித் தகவலை மட்டும் ஒலிக்க விடலாம். ஆனால் அந்த வகைகளைப் பிரித்துத் தர வேண்டியது ஆப் செய்கிறவர். என் மளிகை ஆப்பில் போய்ப் பார்த்தேன். தக்காளிச் சலுகையும் 'உங்கள் ஆர்டர் வாசலில் இருக்கிறது' என்பதும் ஒரே சேனலில். இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஒன்றை அணைத்தால் மற்றதும் போகும் என்றால் எவன் அணைப்பான்?

என் சித்தி பையன் ஒருவன் உணவு டெலிவரி செய்கிறான். அவனிடம் இந்தப் புலம்பலைச் சொன்னபோது சிரித்தான். "அண்ணே, உனக்குத் தக்காளி. எனக்கு அந்தச் சத்தம்தான் சோறு." ஆர்டர் வரும்போது அவன் ஆப் விடாமல் அலறும். சில நொடிக்குள் எடுக்காவிட்டால் ஆர்டர் அடுத்தவனுக்குப் போய்விடும். வழி கேட்பதற்காக ஒரு காதில் மட்டும் இயர்பட் மாட்டியிருக்கிறான். அதே காதில்தான் அலறலும். குறைக்கவும் முடியாது. பைக்கில், அண்ணா சாலை இரைச்சலில், குறைத்தால் கேட்காது. ஒரு வருஷமாக ராத்திரியில் அந்தக் காதில் கொசு ரீங்காரம் போல ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றான். வற்புறுத்தி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். செவித்திறன் சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்டுப்போகிற காதில் பெரும்பாலும் முதலில் அந்த இடம்தான் பள்ளமாகுமாம். இயர்பட்டா, வண்டி ஹாரனா, தெருவில் வெடித்த பட்டாசா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். உட்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் போனால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். பையன் மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். அதே இயர்பட்.

ஒரு நொடி 'டிங்'குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். இந்தக் கணக்கில் ஒரு 'டிங்' கால்காசுக்குப் பெறாது. ஆனால் அது எதிர்பாராமல் வருகிறதே. பெருஞ்சத்தம் கேட்டால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இழுத்துப் பிடித்து ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத்தசை அதுதான். பாவம், அது விழித்துக்கொள்ளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகிவிடும். அதற்குள் 'டிங்' உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். நானாக வால்யூமை ஏற்றி ஒரு தவில் தனியாவர்த்தனம் கேட்டால் காது வலித்தாலும் புகார் சொல்ல மாட்டேன். அது நான் கேட்டு வாங்கிய சத்தம்.

2023-இல் அரசு அவசர எச்சரிக்கைக்கான சோதனைச் செய்தி அனுப்பியபோது எங்கள் அலுவலகத்தில் எல்லாப் போனும் ஒன்றாகக் கத்தியது நினைவிருக்கிறது. வெள்ளம் வந்தால் அப்படித்தான் கத்த வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மேஜைமேல் இருந்து கத்தட்டும். அமெரிக்காவில் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு குறைந்த சத்தத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த 12 வயதுப் பையன் காதுக்குள் இப்படி ஓர் எச்சரிக்கை ஒலித்து செவிப்பறை கிழிந்தது என்று 2022-இல் ஒரு குடும்பம் வழக்கே போட்டது.

இயர்பட் காதில் இருக்கிறதா இல்லையா என்பது போனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என்னுடையதைக் காதிலிருந்து கழற்றினால் அந்தக் கணமே கதை நிற்கிறது, மாட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அவ்வளவு விவரமான சாமானுக்கு, 'இந்த ஆள் இப்போது மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதைவிட ஒரு படி இறங்கிக் கூப்பிடுவோம்' என்று தோன்றவேண்டாமா? டிவி விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2010-இலேயே சட்டம் போட்டார்கள். நான் சட்டமெல்லாம் கேட்கவில்லை. செட்டிங்ஸில் ஒரு கோடு போதும்.

அதுவரை நானே ஒரு வழி செய்துகொண்டேன். வீட்டுப் பித்தளை டம்ளரை ஸ்பூனால் மெல்லத் தட்டிப் போனிலேயே பதிவு செய்தேன். ஓர் இலவச எடிட்டிங் ஆப்பில் போட்டு 20 டெசிபல் குறைத்தேன். அதையே நோட்டிஃபிகேஷன் டோனாக வைத்துவிட்டேன். வால்யூம் கோடு எங்கே இருந்தாலும் பதிவே மெல்லியது, ரிங்டோனுக்கும் பங்கமில்லை. சொந்தச் சத்தம் வைத்திருக்கும் ஆப்களில் ஒவ்வொன்றாகப் போய் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது காதில் அழகாக, யாரோ பக்கத்து அறையில் காப்பி ஆற்றுவது போலக் கேட்கிறது. போன் மேஜைமேல் இருக்கும்போது எனக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. இரண்டு செய்திகளைத் தவறவிட்டுத் திட்டும் வாங்கியாயிற்று.

என் மனைவிக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "அடுக்களையில பூனை புகுந்துடுச்சு, போய்ப் பாருங்க" என்றாள்.