காது அடைத்திருக்கும்போது ஹெட்ஃபோன் வாங்காதீர்கள்

அக்கா மகன் கோவையில் காலேஜ் சேர்ந்திருக்கிறான். போன வாரம் கூப்பிட்டு, "மாமா, மெட்டல் கேக்க நல்ல ஹெட்செட் ஒண்ணு சொல்லுங்க. ரெண்டாயிரம், மிஞ்சிப் போனா அஞ்சாயிரம். பேஸ் மட்டும் செமையா இருக்கணும்" என்றான். மெட்டல் என்றால் கிட்டாரும் டிரம்மும் காதைப் பிளக்கிற கனத்த ராக் இசை. பேஸ் என்றால் அதன் கனத்த அடிச்சத்தம். அந்த பேஸ் என்ற வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. அவன் வயதில் நானும் கடைக்காரரிடம் அதையேதான் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் மெக்கானிக். கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற சிடிசி மெஷினும் டிரையரும் கொழுந்து வாட்டுகிற ஃபேனும் சேர்ந்து ஓடும்போது உள்ளே வருகிறவர்களுக்கு அது ஒரே இரைச்சல். எங்களுக்கு அப்படியில்லை. எந்த பேரிங் போகப் போகிறது, எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அந்த இரைச்சலுக்குள்ளேயே பிரித்துக் கேட்டுப் பழகிவிட்டது. மெட்டலும் இரைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். என் அம்மா இன்றைக்கும் அதைத் 'தகரப் பாட்டு' என்றுதான் சொல்வார். ஆனால் அந்தத் தகரத்துக்குள் நாலைந்து பேர் ஆளுக்கொரு வேலை பார்க்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாகக் காட்டுகிற ஹெட்ஃபோன்தான் நல்ல ஹெட்ஃபோன். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த இசைக்கும் ஃபேக்டரிக்கும் உறவு உண்டு என்பது எனக்குத் தனிப் பெருமை. மெட்டலுக்கு வழிபோட்ட இங்கிலாந்து இசைக்குழு பிளாக் சபாத். அதன் கிட்டார்காரர் டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வெட்டும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 17 வயதில் மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பிறகு கம்பிகளின் இறுக்கத்தையும் குறைத்துச் சுருதியை இறக்கினார். 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கிவிட்டார். சாதாரணமாக 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 அதிர்வில், நிற்கும் கிட்டாரின் அடிக்கம்பி அப்போது 69 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். பின்னால் வந்தவர்கள் இன்னும் கீழே போனார்கள்.

ஹெட்ஃபோனுக்குச் சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். பேஸ் கிட்டாரின் வீடு கீழே 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதே தெருவில் பேஸ் டிரம்மும் குடியிருக்கிறது. மேல்வீட்டிலிருந்து கிட்டாரும் இறங்கி வந்துவிட்டால் இடநெருக்கடிதான். 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெட்டியில் போட்டிருக்கும் ஹெட்ஃபோன்களில் பலவும் 100, 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத் தூக்கிவிட்டிருக்கும். தவில் கேட்கவோ குத்துப்பாட்டு கேட்கவோ அது சுகம். மெட்டலில் மூன்றும் ஒன்றாகக் கலந்து களியாகிவிடும். இரண்டு காலாலும் பேஸ் டிரம் மிதிக்கிற டிரம்மர், நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில், துடிப்புக்கு நாலு மிதியாக, நொடிக்கு 13 தடவை மிதிக்கிறார். அந்த மிதி ஒவ்வொன்றும் தெரிவது அதன் 'டும்' சத்தத்தால் இல்லை, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற 'டிக்' சத்தத்தால்தான். நடுப்பகுதி தெளிவாக இல்லாத ஹெட்ஃபோனில் 13 மிதியும் சேர்ந்து தூரத்தில் லாரி நிற்பதுபோல உறுமும்.

அதனால் நான் வைக்கிற பரீட்சை ஒன்றே ஒன்று. நன்றாகத் தெரிந்த பாட்டை ஓடவிட்டு, பேஸ் கிட்டார் வாசிப்பதை வாயால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வாங்கலாம். இந்தப் பரீட்சைக்கு மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் 1988 ஆல்பத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதில் பேஸ் கிட்டாரை ஏறக்குறைய அமுக்கியே வைத்துவிட்டார்கள், எந்த ஹெட்ஃபோனாலும் மீட்க முடியாது. அவர்களின் 2008 ஆல்பமும் வேண்டாம். சத்தம் கூட்ட வேண்டும் என்று பதிவையே நசுக்கியதில் அங்கங்கே பிசிறடிக்கும். ஹெட்ஃபோன் கிழிந்துவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, என் முட்டாள்தனம். சில வருடங்களுக்கு முன் நல்ல சளியோடு கோத்தகிரியில் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கினேன். மலை இறங்கும்போது காது அடைப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை, எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். அன்றைக்குச் சளியில் திறக்கவே இல்லை. அப்படியே கோவைக்குப் போய் ஒரு கடையில் நாலைந்து ஹெட்ஃபோன்களை மாட்டிப் பார்த்தேன். எல்லாமே கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தன. ஒன்று மட்டும் பளிச்சென்று கேட்டது. ஆகா என்று காசைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து காது திறந்தது. டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது. இருபது நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை துருத்திக்கொண்டிருக்கும் ஹெட்ஃபோன்கள் கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் 'தெளிவு' மாதிரிதான் ஏமாற்றும், அதிலும் அடைத்த காதை. மலையிலிருந்து இறங்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு டீ குடியுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் பாதிக்கு அர்த்தமில்லை. '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்றால் என்ன? மனிதக் காதே 20,000-க்கு மேல் கேட்காது. டிரைவர், அதாவது உள்ளே சத்தம் எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர், 50 மில்லிமீட்டர் இருந்தால் 40-ஐவிட உசத்தி என்பதும் சும்மா. ஓம் என்று போட்டிருக்கும் மின்தடைக் கணக்கை மட்டும் பாருங்கள். 32, 47 என்று இருந்தால் போனே போதும். 250 ஓம் ஹெட்ஃபோன் சலுகையில் கிடைக்கிறது என்று வாங்கினால் சத்தத்தைக் கூட்டித் தருகிற ஆம்ப் தனியாக வாங்க வேண்டி வரும்.

வயர் இல்லாததை நான் வெறுக்கவில்லை. ஆனால் 3,000 ரூபாயில் பேட்டரி, சிப், மைக் எல்லாவற்றுக்கும் பங்கு போனபின் டிரைவருக்கு என்ன மிஞ்சும்? பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும். கிட்டார் பழகுகிறவர்களுக்கு ப்ளூடூத் ஆகவே ஆகாது, மீட்டியபின் கொஞ்சம் தாமதித்துத்தான் காதுக்கு வரும்.

பின்பக்கம் திறந்ததா, மூடியதா? சத்தமில்லாத அறை இருந்தால் திறந்ததுதான் என் கட்சி. பிலிப்ஸ் எஸ்எச்பி9500-ல் கிட்டார்கள் இரண்டு பக்கமும் காற்றோட்டமாக விலகி நிற்கும். ராக் கேட்பவர்கள் கிராடோ கம்பெனி ஹெட்ஃபோன்களைக் கும்பிடுவதும் இதற்காகத்தான். ஆனால் ஐப்பசி மழையில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுப் பாருங்கள், டிரம்மர் இரண்டு பேராகிவிடுவார்கள். பஸ்ஸிலும் அப்படித்தான், வெளிச்சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவோம். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் ஃபேக்டரியில் காது மந்தமான பெரியவர்களோடு பழகியவன் நான், இதில் விளையாட மாட்டேன். ஹாஸ்டல், பஸ் என்றால் மூடியதே வாங்குங்கள்.

நம் மலைக்கு மட்டும் ஒரு விஷயம். செயற்கைத் தோல் போட்ட இயர்பேட் இந்த ஈரத்தில் சீக்கிரம் உரியும். காதோரம் கறுப்புச் செதிலாக ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பேட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, சிலிகா பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். ஷூ பெட்டியில் வருகிற பொட்டலமே போதும்.

மருமகனுக்கு ஹாஸ்டல் என்பதால் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் சொன்னேன். பேஸ் அதிராது, ஆனால் கேட்கும். பணம் இடித்தால் 2,000 ரூபாய்க்குள் கேஇசட், மூன்டிராப் மாதிரி கம்பெனிகளின் வயர் வைத்த, காதுக்குள் செருகுகிற இன்-இயர் நல்லதாகவே கிடைக்கிறது என்றும் சொன்னேன். அவன் ஹெட்ஃபோனையே வாங்கிவிட்டான். நேற்று ராத்திரி பத்து மணிக்கு போன்.

"மாமா, பேஸ் கம்மியா இருக்கு."

"முணுமுணுத்துப் பாத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அட, அந்தாளு தனியா ஏதோ வாசிக்கிறாரு மாமா, இத்தன நாளா தெரியல" என்றான். "சரி, வயர் மூணு மீட்டர் இருக்கே, இத என்ன பண்றது?"

ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.