அது திருவிழா அல்ல, நினைவு ஊர்வலம்

இரவில் ஆயிரக்கணக்கானோர் தீப்பந்தம் ஏந்தி நடக்கும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "ஆர்மீனியர்களின் தீ வழிபாட்டுத் திருவிழா" என்று அதற்குக் குறிப்பு. இது தவறு.

ஆண்டுதோறும் ஏப்ரல் 23 மாலை ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் நடக்கும் ஊர்வலம் அது. 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மதகுருமார்கள் என இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்களை, இன்றைய துருக்கியை அப்போது ஆண்ட ஒட்டோமான் அரசு கைது செய்தது. பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. அப்புறம் ஊர் ஊராக மக்களைச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தார்கள். கொல்லப்பட்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று ஆர்மீனியர்கள் சொல்கிறார்கள். கைதுகள் தொடங்கிய அந்த ஏப்ரல் 24-க்கு முந்தைய மாலையில்தான் இந்தப் பந்தங்கள் ஏற்றப்படுகின்றன.

ஊர்வலம் போய்ச் சேரும் இடம், கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் இருக்கும் சிட்செர்னகாபெர்ட் குன்று. அங்கே 12 பெரிய கற்பலகைகள் வட்டமாக நின்று, துக்க வீட்டில் தலை கவிழ்ந்து நிற்பவர்களைப் போல உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நடுவில் அணையா விளக்கு. அதைச் சுற்றி மக்கள் வைக்கும் பூக்கள் மறுநாள் மதிலாக உயர்ந்துவிடும்.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? ஆர்மீனியர்களுக்குப் பிப்ரவரியில் ட்ரெண்டெஸ் என்றொரு விழா உண்டு. அதில் புதுமணத் தம்பதிகள் நெருப்பைத் தாண்டுவார்கள். அது வேறு, இது வேறு.

சில ஆண்டுகளில் ஊர்வலத்தின் தொடக்கத்தில் துருக்கிக் கொடியை எரித்ததும் உண்மை. அதை விமர்சிக்கலாம். ஆனால் இறந்தவர்களுக்காக நடப்பவர்களைக் கொண்டாட்டக் கூட்டம் என்று பரப்புவது கொடுமை. அந்த வீடியோ உங்களுக்கு வந்தால், அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.