ஜோசப்பின் சம்பளம்

ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவம் பார்த்த மிஷனரி டாக்டர் என்றாலே நம் ஆட்கள் பகிர்வது ஒரே படம்தான். வெள்ளைத் தொப்பி, பெரிய மீசை, ஆல்பர்ட் ஷ்வைட்சர். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறையியலில் பெயர் வாங்கி, ஆர்கன் வாசிப்பில் பெயர் வாங்கி, அப்புறம் முப்பது வயதில் மருத்துவம் படிக்க உட்கார்ந்து, 1913-இல் மனைவி ஹெலேனேவோடு காபோனில் ஒகோவே ஆற்றங்கரை லம்பரேனேயில் போய் இறங்கியவர். அவரை அனுப்பிய பாரிஸ் மிஷன் சங்கத்துக்கு அவருடைய இறையியல் பிடிக்கவில்லை, அதனால் அங்கே பிரசங்கம் செய்ய வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். மிஷனரிகளிலேயே இது ஒரு தனி ரகம்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் ஒரு சாதாரண நாள் யார் தோளில் நின்றது என்று பார்த்தால் இன்னொருவர் வருகிறார். ஜோசப் அசோவானி. சிகிச்சைக்கு வந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அதற்கு முன் சமையல்காரர். பிரெஞ்சும் ஆங்கிலமும் உள்ளூர் மொழிகள் எட்டும் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புட்டியில் ஒட்டிய சீட்டின் எழுத்து எப்படி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து சரியான மருந்தை எடுத்துக் கொடுப்பார். உடற்கூறு முழுக்கச் சமையலறையில் கற்றது. இவருக்கு வலது தொடைக்கறியில் வலி, அந்த அம்மாவுக்கு இடது பக்கச் சாப்ஸில் வலி, இப்படித்தான் டாக்டரிடம் மொழிபெயர்ப்பார். சிரிப்பு வரும்தான், ஆனால் இந்த ஆள் வாய் திறக்காவிட்டால் அன்றைக்கு ஒரு நோயாளியையும் பார்த்திருக்க முடியாது.

ஷ்வைட்சர் முதலில் நோயாளிகளைப் பார்த்தது ஜன்னல் இல்லாத ஒரு பழைய கோழிக் கொட்டகையில். கூரையில் ஓட்டை, வெயிலுக்குப் பயந்து உள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். காலை எட்டரைக்கு ஆரம்பம். அதற்கு முன் தினமும் விதிகளை இரண்டு மொழிகளில் உரக்கச் சொல்வார்கள். டாக்டர் வீட்டருகே துப்பக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, ஒரு நாளைக்கான சாப்பாட்டைக் கையோடு கொண்டு வர வேண்டும், மருந்து கொடுத்த புட்டியையும் தகர டப்பாவையும் திருப்பித் தர வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்தப் புட்டி விஷயம் சின்னதாகத் தெரியலாம். அந்த ஈரக் காற்றில் காகிதப் பொட்டலத்தில் மருந்து தாங்காது, காலிப் புட்டி வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்கு எழுதிக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் எண் எழுதிய அட்டை வில்லை தொங்கும், அந்த எண்ணை வைத்துத்தான் பதிவேட்டில் பழைய நோயைத் தேடுவார்கள். பொழுது சாய்ந்தால் வேலையை நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் விளக்கேற்றினால் கொசு, கொசு வந்தால் மலேரியா. குடலிறக்கம் சிக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தோணியில் துடித்துக்கொண்டே வருபவர்களுக்கு அறுவை நடக்கும்போது மயக்க மருந்து கொடுப்பது ஹெலேனே, நீள ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உதவிக்கு நிற்பது ஜோசப்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். ஜோசப்புக்கு மாதம் 70 பிராங்க். சமையல் வேலைக்கே திரும்பியிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். 1914-இல் உலகப் போர் வந்து பணவரத்து நின்றதும் அதை 35 ஆக்கினார்கள். இவ்வளவு குறைவான காசுக்கு வேலை பார்க்க என் கௌரவம் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டு ஜோசப் போய்விட்டார். ஷ்வைட்சர் இதை எழுதியிருக்கும் விதத்தில் லேசான வருத்தம் தெரிகிறது, ஜோசப்பின் ஆடம்பரச் செலவு பற்றிய குத்தலும் இருக்கிறது. எனக்கென்னவோ அந்த ஆஸ்பத்திரியில் தன் வேலையின் மதிப்பைச் சரியாகக் கணக்குப் போட்டவர் ஜோசப்தான் என்று தோன்றுகிறது. நடுவில் ஐரோப்பா போய்விட்ட ஷ்வைட்சர் 1924-இல் திரும்பி வந்தபோது ஜோசப்பும் திரும்பி வந்தார்.

ஆப்பிரிக்கரைப் பார்த்து நீ என் சகோதரன், ஆனால் நான் மூத்தவன் என்ற அர்த்தத்தில் ஷ்வைட்சர் எழுதியது பின்னாளில் பெரிய விமர்சனமானது. அந்தக் காலம் அப்படி என்று சிலர் வக்காலத்துக்கு வருவார்கள். சரி, 1913-க்கு ஒத்துக்கொள்கிறேன். அவர் 1965 வரை வாழ்ந்தார், 1960-இல் காபோன் தனி நாடாகிவிட்டது, அதுவரைக்கும் அந்த ஊர் ஆட்களை டாக்டராக்கும் பயிற்சி அவருடைய ஆஸ்பத்திரியில் வளரவில்லை. அமெரிக்க டாக்டர் டாம் கேட்டினா சூடானின் நூபா மலையில் கிடெல் ஊர் ஆஸ்பத்திரியை 2008-இல் தொடங்க உதவி, 2011-இல் போர் வெடித்த பிறகும் குண்டுவீச்சுக்கு நடுவே அங்கேயே இருந்தாரே, அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்த ஒற்றை மனிதரைத்தான் பார்க்கிறார்கள். அவர் பழக்கி எடுத்த நூபா நர்ஸுகளைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிகம்.

ஜோசப் மாதிரி ஆட்களுக்கு வழி திறந்தால் என்ன ஆகும் என்பதை மொசாம்பிக் காட்டியது. இது மிஷன் வேலை இல்லை, அரசாங்கம் செய்தது. டாக்டர் பட்டம் இல்லாத சுகாதார ஊழியர்களுக்கு 1984 முதல் அறுவைப் பயிற்சி கொடுத்தார்கள், சிசேரியன் உட்பட. ஏழு வருடம் கழித்து யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த ஓர் ஆய்வில், மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய டாக்டர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இந்த ஊழியர்களில் 88 சதவீதம் பேர் அதே இடத்தில் இருந்தார்கள். மிஷன்காரர்களுக்கும் இது தாமதமாகவாவது புரிந்தது. ஆப்பிரிக்க டாக்டர்களை அறுவை நிபுணர்களாக்க 1996-இல் ஒரு கிறிஸ்தவ அமைப்பு தொடங்கியது, அதன் முதல் பயிற்சி இடம் அதே காபோனில், லம்பரேனேக்குத் தெற்கே உள்ள பொங்கோலோ ஆஸ்பத்திரி. அங்கே எடுத்த குழுப் படம் ஒன்றைக்கூட யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.