கைரேகையில் மூளை பார்த்தவர்களுக்கு

நம் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கைரேகைச் சோதனையைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். "அண்ணன், விட்டுவிடுங்கள்" என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்ன பிறகு விட முடியவில்லை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் விரல்களை இயந்திரத்தில் பதித்து, இது வலது மூளைப் பிள்ளை, இது இடது மூளைப் பிள்ளை என்று வண்ணத்தாள் கொடுத்தார்கள். தாளுக்கு நான்காயிரம் ரூபாய். அது எத்தனை நாள் பெரட்டு, அதாவது தோட்டத்தில் எத்தனை நாள் வேலை என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கைரேகைக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை. மூளையின் இரு பாதிகளுக்கும் வேலைப் பங்கீடு உண்டுதான். அந்த ஆய்வுக்காக ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது, வலிப்புக்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை வெட்டப்பட்ட நோயாளிகளை. நம் பிள்ளைகளுக்கு யாரும் எதையும் வெட்டவில்லை. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூளைப்படங்களை அலசியும் அப்படி இரண்டு சாதி மனிதர்கள் அகப்படவில்லை.

"அறிவியலுக்கு எதிரியா?" இல்லை ஐயா. நாளை அது வகுப்பறைக்கு வரட்டும், வாசிக்கத் திணறும் பிள்ளையை முன்கூட்டியே கண்டுகொள்ள உதவட்டும். இன்றைக்கே தெரிந்ததை யார் காதில் போட்டுக்கொண்டீர்கள்? தூக்கம் கெட்டால் படித்தது தங்காது. சிறுவயதில் இரும்புச்சத்து குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இதற்கு இயந்திரம் எதற்கு?

நான்காம் வகுப்பில் எனக்குக் கடைசி வாங்கு. "மண்டையில் களிமண்" என்பார் ஆசிரியர். அம்மா இருட்டோடு எழும்பினால், லயத்து ஒற்றை அறையான காம்பிராவில் நாங்களும் எழும்பியாக வேண்டும். ரொட்டியும் பிளேன்டீயும் காலைச் சாப்பாடு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் அதே இலை! பத்து மணிக்குத் தூங்கி விழுந்தவனின் மண்டையில் இருந்தது களிமண்ணாம்.

"நல்ல எண்ணத்தில் செய்தார்கள்." என் ஆசிரியரும் நல்லவர்தான்.

"நகரத்திலும் இதைச் செய்கிறார்களே." செய்யட்டும். அங்கே தாள் பொய்த்தால் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு இருக்கிறது. இங்கே உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகள் எத்தனை! பிரிவு இல்லை என்று வெட்கப்பட வேண்டியவர்களுக்கு, மூளை இல்லை என்று காட்ட ஒரு வண்ணத்தாள். முன்பு பரம்பரையைச் சொன்னார்கள், இப்போது விரலைச் சொல்கிறார்கள்.

பக்கத்துக் காம்பிராச் சிறுமியின் தாளில் "கணிதத்தில் நாட்டம் குறைவு" என்றிருக்கிறது. "மாமா, எனக்கு இடது பக்கம் மூளை சின்னதா?" என்று கேட்டாள். போன மாதம் தாயின் சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்த்து, இரண்டு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், அரைப் பேராக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்.