பாலம் விழும் நொடியும் பாலத்தைப் பிரிக்கும் மாதங்களும்

பழைய நெடுஞ்சாலைப் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் காணொளியை ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திக்கொள்பவர்கள் மிகக் குறைவு; நானும் அதற்கு விதிவிலக்கல்ல. ஜெர்மனியின் லூடன்ஷைட் நகருக்கு அருகே, ஏ45 நெடுஞ்சாலையில் இருந்த ராமெடே பள்ளத்தாக்குப் பாலம் 2023 மே 7 அன்று தகர்க்கப்பட்ட காட்சியை இன்றும் அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பதுண்டு. 453 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 70 மீட்டர் உயரமும் கொண்ட அந்தப் பாலம் சில நொடிகளில் பள்ளத்தாக்கில் படுத்துவிடுகிறது. ஆனால் இந்த வேலையில் கவனித்துப் பார்க்க வேண்டியவை அந்த நொடிகளுக்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் என்பது என் கருத்து.

வெடிமருந்துதான் பாலத்தைத் தூளாக்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த மருந்தால் நடப்பது சிறிய வேலையே. எந்தத் தூண் எப்போது, எந்தப் பக்கமாக மடங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்ப மில்லி நொடி இடைவெளியில் வரிசையாக வெடிக்கச் செய்கிறார்கள். மீதியைப் பாலத்தின் சொந்த எடையே முடித்துவிடுகிறது. ராமெடேயில் பாலத்தையொட்டிக் கட்டடங்கள் இருந்ததால் அது சாயாமல் நேராக இறங்க வேண்டியிருந்தது. கீழே மண் கொட்டிப் படுகை அமைத்த பிறகே வெடிவைத்தார்கள்.

கீழே ரயில் ஓடும் இடத்திலோ, ஒட்டினாற்போல் புதிய பாலம் நிற்கும் இடத்திலோ இதற்கு வழியில்லை. பாலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் இறக்க வேண்டும். பல கண்களை, அதாவது தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைக் கொண்ட தொடர்ச்சியான பாலத்தில் ஒரு கண்ணை எடுத்துவிட்டால் பக்கத்துக் கண்ணின் மேல் விழும் சுமை மாறிவிடும் என்பதால், பெரும்பாலும் கட்டிய வரிசைக்கு நேர் எதிரான வரிசையில் பிரிக்கிறார்கள். முன்தகைவுக் கான்கிரீட் என்றால் இன்னும் கவனம் தேவை. அதனுள்ளே ஓடும் எஃகு வடங்கள், கட்டும்போதே இழுத்து விறைக்கப்பட்டு, பல பத்தாண்டுகளாக அந்த விசையின் பெரும்பகுதியோடு இருப்பவை; கணக்கில்லாமல் ஓரிடத்தில் அறுத்தால் அந்த விசை எங்கே போய் எதைப் பிளக்கும் என்று சொல்ல முடியாது.

வைரக் கம்பி ரம்பம் கான்கிரீட்டை அறுக்கும்போது தண்ணீரோடு சாம்பல் நிறக் குழம்பு வழியும். அதைக் கழுவிவிட்டால், வழவழப்பான வெட்டுமுகத்தில் ஜல்லிக்கு நடுவே வடங்களின் முனைகள் வட்ட வட்டமாகத் தெரியும். சிலவற்றைச் சுற்றி, துருப்பிடிக்காமல் இருக்கக் கட்டும்போது செலுத்திய சிமெண்ட் பால் முழுமையாக நிரம்பியிருக்கும். சிலவற்றில் கட்டிய நாளிலேயே பால் போய்ச் சேராமல் வெற்றிடம் விட்டு, உள்ளே வடம் துருவேறியிருக்கும். பாலம் பயன்பாட்டில் இருக்கும்போது மேலே நின்று எத்தனை முறை பார்வையிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத உண்மை இது. வேல்ஸில் இனிஸ்-அ-குவாஸ் பாலம் 1985இல் எந்த முன்னறிவிப்பும் இன்றி இடிந்து விழுந்ததற்குக் காரணம், இணைப்புகளில் இருந்த வடங்கள் இப்படித் துருப்பிடித்ததுதான்.

1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய, சங்கிலிபோல் கோத்த எஃகுப் பட்டைகளுள் ஒன்றின் கண்துளையில் இருந்த மிகச் சிறிய விரிசல்தான் காரணம். இணைப்பைப் பிரிக்காமல் அந்த விரிசலைப் பார்த்திருக்கவே முடியாது என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. அதே ஆற்றில் அதே அமைப்பில் நின்ற இன்னொரு பாலத்தை உடனே மூடி, 1971இல் இடித்துவிட்டார்கள்.

ஆகவே, ஆயுள் முடிந்து பிரிக்கப்படும் பாலம் ஒவ்வொன்றும், அதே காலத்தில் அதே முறையில் கட்டப்பட்டு இன்னும் வண்டிகளைச் சுமந்து நிற்கும் பாலங்களைப் பற்றிய சாட்சியம். இடிப்பு ஒப்பந்தம் என்றாலே எத்தனை நாளில் முடிப்பீர்கள், எவ்வளவு தொகை என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. போக்குவரத்தை எத்தனை நாள் திருப்பிவிட்டுக் காத்திருப்பது என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அறுத்தெடுத்த சில கட்டிகளையும் சில மீட்டர் வடத்தையும் ஓரமாக எடுத்துவைக்கச் சாலையை மூடிவைக்க வேண்டியதில்லை. கான்கிரீட் நொறுக்கப்பட்டுச் சாலைக்கு அடித்தளமாகவும், கம்பி எடைக்கு எடை உருக்காலைக்கும் போகும் முன் மாதிரிகளைச் சோதித்து, முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்தால் போதும்.