டாயில் அலெக்சாண்டருக்காக ஒரு வக்காலத்து

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் அந்தச் சண்டை வந்தது. டெட்ராய்ட் பக்கம் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஒரு சண்டையை மட்டும் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் பாக்கி. டெட்ராய்ட்டின் பேஸ்பால் அணியான டைகர்ஸ் என்றால் உயிர். அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. யாருடைய பெயரைச் சொன்னாலும் அவருடைய ஜாதகத்தை ஃபோனில் எடுத்துவிடுவார். இளையவர் ஆரம்பித்தார்: "உலகத்திலேயே மோசமான டிரேடு எது தெரியுமா? ஸ்மோல்ட்ஸைக் கொடுத்துவிட்டு அலெக்சாண்டரை வாங்கினீர்களே, அதுதான்." பெரியவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அரைமணி நேரத்துக்கு யாரும் வேலைக்குப் போகப்போவதில்லை.

நான் பெரியவர் கட்சி. ஏன் என்பதை மேசையில் சொல்லி முடிக்க விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஐபிஎல்லில் ஏலம்தான் திருவிழா, டிரேடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது, எப்போதாவது நடக்கும் விசேஷம். அமெரிக்க பேஸ்பாலில் டிரேடு அன்றாடப் பிழைப்பு. மைதானத்துக்கு வரும் அணியில் 26 பேர். அவர்களையும் சேர்த்து 40 பேர் பட்டியல். அதற்கும் கீழே மைனர் லீகில் படிப்படியாகப் பல அணிகள், சின்னச் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அலைந்து ஆடும் பையன்கள். ஒரு பையன் பெரிய லீகுக்கு வந்தபின் ஆறு வருட சர்வீஸ் முடியும்வரை கிளப்பின் பிடியில்தான் இருக்க வேண்டும், அதன் பிறகே சுதந்திரம். அதனால் திறமையுள்ள இருபது வயதுப் பையன் என்பவன் கிளப்பின் கையில் உள்ள நகை மாதிரி. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், விற்கலாம்.

1987-இல் டைகர்ஸுக்கு அவசரம் வந்தது.

ஆகஸ்ட் மாதம். டிவிஷனில், அதாவது லீகுக்குள் தங்கள் பிரிவில், முதலிடத்துக்கு டொராண்டோ புளூ ஜேஸுடன் கடும் போட்டி. பந்து வீச, அதாவது பிட்சிங்குக்கு, நம்பகமான ஓர் ஆள் வேண்டும். டிரேடுக்கான ஜூலை 31 கெடு தாண்டியாயிற்று. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சந்து இருந்தது: மற்ற அணிகள் யாரும் உரிமை கோராத ஆட்டக்காரரை ஆகஸ்டிலும் மாற்றிக்கொள்ளலாம். (2019-இல்தான் அந்தச் சந்தை அடைத்தார்கள்.) ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட், அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. வயது 36. ஊர் ஊராகப் பல அணிகளில் ஆடிக் களைத்த பிட்சர். அவருக்குப் பதிலாகக் கொடுத்தது மைனர் லீகில் இருந்த ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனை.

பெரியவருக்கு வலிக்கும் இடம் எது என்றால், ஸ்மோல்ட்ஸ் வேற்றூர்க்காரர் இல்லை. மிஷிகனிலேயே வளர்ந்தவர். அவருடைய தாத்தா டைகர் ஸ்டேடியத்திலேயே வேலை பார்த்தவர். சின்ன வயதிலிருந்து அந்தப் பையனுக்கு ஒரே கனவுதான்: டைகர்ஸ் சட்டை போட்டு அந்த மைதானத்தில் நிற்பது. அணிகள் புதுப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1985-இல், 22-ஆவது சுற்றில் டைகர்ஸே எடுத்தது. இரண்டே வருடத்தில் அனுப்பிவிட்டது.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? அலெக்சாண்டர் டெட்ராய்ட்டுக்காக அந்த வருடம் 11 ஆட்டங்களைத் தொடங்கினார். பதினொன்றிலும் டைகர்ஸ் வெற்றி. அவர் கணக்கில் 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. இ.ஆர்.ஏ 1.53. அதாவது ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை ரன்தான் கொடுத்திருக்கிறார். நான்கு ரன் கொடுத்தாலே பரவாயில்லை என்று சொல்லும் விளையாட்டு இது.

சீசனின் கடைசி வார இறுதி. டொராண்டோ டெட்ராய்ட்டுக்கு வருகிறது, மூன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை அலெக்சாண்டர் வீசி டைகர்ஸுக்கு 4-3 வெற்றி. சனிக்கிழமை வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டிப் பன்னிரண்டு வரை இழுத்து 3-2, அதுவும் டைகர்ஸுக்கே. ஞாயிறு, அக்டோபர் 4. பெரியவர் அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர். இரண்டாம் இன்னிங்ஸில் லாரி ஹெர்ன்டன் இடது பக்கம் அடித்த பந்து மதிலைத் தாண்டியது. அந்த ஒரு ரன்தான் மொத்த ஆட்டத்துக்கும். ஃபிராங்க் டனானா ஒன்பது இன்னிங்ஸும் ஒரே ஆளாக வீசினார். கடைசி பேட்டர் தட்டிய பந்து அவரிடமே மெதுவாக உருண்டு வந்தது. அதை எடுத்து, கைக்குழந்தையைக் கைமாற்றுவது போல, முதல் பேஸில் நின்ற டாரல் எவன்ஸிடம் கீழ்க்கையால் போட்டார். பெரியவர் இந்த இடத்துக்கு வரும்போது எழுந்து நின்று செய்துகாட்டுவார். கையில் பந்துக்குப் பதில் ஆப்பிள் இருக்கும்.

டைகர்ஸ் 98 வெற்றி, டொராண்டோ 96. வித்தியாசம் இரண்டு. அலெக்சாண்டர் இல்லாமல் அந்த இரண்டு எங்கிருந்து வந்திருக்கும்?

இளையவரின் வாதம் இதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். பிளேஆஃபில் மினசோட்டா ட்வின்ஸ் டைகர்ஸை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அலெக்சாண்டர் வீசிய இரண்டு ஆட்டமும் தோல்வி. 1989-இல் 18 ஆட்டம் தோற்றுவிட்டு அவர் ஆட்டத்தையே விட்டார். டைகர்ஸ் மறுபடி பிளேஆஃப் பார்த்தது 2006-இல். ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் 1995 வேர்ல்டு சீரிஸ் கோப்பை, 1996-இல் 24 வெற்றியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, முழங்கை அறுவைக்குப் பிறகு ஆட்டத்தை முடித்துவைக்கும் குளோசராக மறுபிறவி, மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர். மொத்தம் 213 வெற்றி, 154 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்கள்). 200 வெற்றியும் 150 சேவும் சேர்த்து வைத்திருக்கும் பிட்சர் அவர் ஒருவர்தான். 2015-இல் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறார் இளையவர்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அன்றைய தேதியில் நின்று பார்க்கும் நேர்மை. ட்ரேடு நடந்த அன்று ஸ்மோல்ட்ஸ் மைனர் லீகின் இரண்டாம் படியில் 4 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ 5.68. இவர் ஹால் ஆஃப் ஃபேம் போவார் என்று அந்த எண்களைப் பார்த்து எவராவது சொல்லியிருந்தால் அவர் பேஸ்பாலை விட்டுவிட்டுக் கிளி ஜோசியம் பார்க்கப் போயிருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. அட்லாண்டாவில் அவருக்கு லியோ மசோனி மாதிரி ஒரு பிட்சிங் கோச் கிடைத்தார், பக்கத்தில் கிளாவின், மேடக்ஸ் என்ற இரண்டு பெரிய பிட்சர்கள் நின்றார்கள். 103 ஆட்டம் தோற்ற 1989 டெட்ராய்ட்டில் அதே பையன் அதே ஸ்மோல்ட்ஸாக வளர்ந்திருப்பார் என்று எப்படி எடுத்துக்கொள்வது? நாம் கணக்குப் போடும்போது ஒரு பக்கம் நடந்ததையும், இன்னொரு பக்கம் நடக்காத ஒன்றையும் வைத்துக் கழிக்கிறோம். அது கணக்கே இல்லை.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1990-இல் இதே வேலையைச் செய்தது. லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது பிட்சருக்காக ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஆண்டர்சன் வீசியது வெறும் 22 இன்னிங்ஸ். பேக்வெல் 449 ஹோம் ரன் அடித்து ஹால் ஆஃப் ஃபேம் போனார். இவரும் பாஸ்டனில் பிறந்து, ரெட் சாக்ஸ் ரசிகராக வளர்ந்தவர்! இந்த டிரேடுக்கு நான் முழு வக்காலத்து வாங்க மாட்டேன், பாதி வாங்குவேன். பேக்வெல் அப்போது மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். அந்த இடத்தில் ஏற்கெனவே வேட் பாக்ஸ் என்ற நட்சத்திரம் இருந்தார். பாஸ்டன் அந்த வருடம் டிவிஷனை இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டாம் இடம் யார்? அதே டொராண்டோ. 1987-இலும் இரண்டு, 1990-இலும் இரண்டு. டிரேடு சாபம் என்று யாராவது புத்தகம் போட்டால் டொராண்டோக்காரர்களுக்குத்தான் முன்னுரை எழுதும் உரிமை.

அப்படியானால் எதைத்தான் மோசமான டிரேடு என்பது? என்னைக் கேட்டால் ரெட் சாக்ஸ் நட்சத்திரம் மூக்கி பெட்ஸைக் கொடுத்தது. 2018-இல் எம்விபி, அதாவது லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், அதே வருடம் ரெட் சாக்ஸுக்கு வேர்ல்டு சீரிஸ். 2020 பிப்ரவரியில் அவரையும் டேவிட் பிரைஸையும் சேர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, கானர் வாங், ஜீட்டர் டவுன்ஸ். (டவுன்ஸுக்கு அந்தப் பெயர் நியூயார்க் யாங்கீஸ் ஜாம்பவான் டெரெக் ஜீட்டரை நினைத்து வைத்தது. அதை பாஸ்டனுக்கு அனுப்பிய விதியின் குறும்பைப் பாருங்கள். 14 ஆட்டத்தோடு அவர் கதை அங்கே முடிந்தது.) இங்கே அவசரம் எதுவும் இல்லை. எந்தக் கோப்பைக்காகவும் கொடுக்கவில்லை. ஆடம்பர வரி என்று ஒன்று இருக்கிறது, சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டியது. அதற்குக் கீழே இறங்க வேண்டும், ஒரு வருடத்தில் பெட்ஸ் சுதந்திரமாகிவிடுவார், அதற்குமுன் எதையாவது வாங்கிக்கொள்வோம். இதுதான் கணக்கு. நாட்டிலேயே பணக்கார கிளப்புகளில் ஒன்று போட்ட கணக்கு. பெட்ஸ் போன சில மாதத்திலேயே டாட்ஜர்ஸ் 12 வருடத்துக்கு 365 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. அவரோடு 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை. இதில் பின்னால் என்ன நடந்தது என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை, அன்றைக்கே தப்பு. வீட்டில் அரிசி இல்லாமல் வளையலை விற்பது ஒன்று, பீரோ பூட்டைக் காப்பாற்ற வளையலை விற்பது வேறு.

பெரியவரை இளையவர் மடக்கிய இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 31. இந்தத் தடவை டைகர்ஸ் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது. அணி கீழே கிடக்கிறது, ஜஸ்டின் வெர்லாண்டர் என்ற பெரிய பிட்சர் இருக்கிறார், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு அவசரம். நள்ளிரவுக் கெடுவுக்குச் சில நொடிகள் இருக்கும்போது வெர்லாண்டர் அங்கே போகச் சம்மதித்தார். ஹூஸ்டனில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி, இ.ஆர்.ஏ 1.06. அந்த வருடமே வேர்ல்டு சீரிஸ். டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது ஃபிராங்க்ளின் பெரஸ், டாஸ் கேமரன், ஜேக் ராஜர்ஸ் என்று மூன்று இளைஞர்கள். அவர்களில் மிகவும் நம்பப்பட்ட பெரஸ் காயம் மேல் காயமாகி, பெரிய லீகையே எட்டவில்லை. "உங்கள் நியாயப்படி நமக்கு ஒரு ஸ்மோல்ட்ஸ் வந்திருக்க வேண்டுமே, எங்கே?" என்றார் இளையவர். பெரியவரிடம் பதில் இல்லை. ஆனால் எனக்கு இது என் கட்சிக்கான சாட்சியாகத்தான் படுகிறது. இளைஞர்கள் என்பவர்கள் பெரும்பாலும் பெரஸ்தான். ஸ்மோல்ட்ஸ் ஒரு விபத்து.

டாஸ் கேமரன் பெயர் வந்ததும் இளையவர் கண்ணில் ஒரு மின்னல். டாஸின் அப்பா மைக் கேமரன். 2000-இல் சியாட்டில் மரினர்ஸ் தன் நட்சத்திரமான கென் கிரிஃபி ஜூனியரை சின்சினாட்டிக்குக் கொடுத்தபோது பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் அவர்தான். அப்பா கிரிஃபிக்குப் பதில், மகன் வெர்லாண்டருக்குப் பதில். கிரிஃபி போன அடுத்த வருடமே, 2001-இல், சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தது. இந்த ஒரு துணுக்குக்காக அன்றைய காபியை நான்தான் வாங்கிக்கொடுத்தேன்.

பெரியவர் சும்மா விடுவாரா? ஹாரி சிட்டியை எடுத்துவிட்டார். 1962-இல் கிளீவ்லேண்ட் அவரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தது, 'பதில் ஆள் யார் என்று பிறகு சொல்கிறோம்' என்ற ஒப்பந்தத்தில். 15 ஆட்டம் பார்த்த மெட்ஸ், பதில் ஆளாக அவரையே திருப்பி அனுப்பிவிட்டது. தனக்குத் தானே டிரேடு ஆன மனிதர்!

இளையவர் அதற்கு டேனி ஜான்சனைக் கொண்டுவந்தார். 2024 ஜூனில் பாஸ்டனில் ஓர் ஆட்டம். டொராண்டோவுக்காக ஜான்சன் பேட்டோடு நிற்கும்போது மழை, ஆட்டம் பாதியில் நின்றது. ஜூலையில் அவரை பாஸ்டனுக்கே டிரேடு செய்தார்கள். ஆகஸ்ட் 26 அன்று அதே ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஜான்சன் இப்போது பாஸ்டனின் கேட்சர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். முன்னால் அவர் விட்டுப்போன பேட்டிங்கை முடிக்க வேறொருவர் வந்து ஸ்ட்ரைக் அவுட். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் மனிதர் ஜான்சன். பெரியவர் சிரித்தே விட்டார். சாண்ட்விச்சைத் திரும்ப எடுத்தார்.

இதையெல்லாம் நியாயமாக எழுதிவிட்டேன். இப்போது ஓர் உண்மை. 2025 நவம்பரில் சென்னை அணி சஞ்சு சாம்சனை வாங்க ஜடேஜாவைக் கொடுத்த அன்று, சென்னையிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் ஒரே புலம்பல். "அண்ணா, நீதான் பெரிய டிரேடு நிபுணர் ஆயிற்றே, சொல்லு, சரியா தப்பா?" என்றான். தேவை என்ன, வயது என்ன, அன்றைய தேதியில் நின்று பார் என்று நாலு வரி டைப் செய்தேன். அப்புறம் 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்து, சிக்ஸும் ஃபோரும், ஞாபகம் வந்தது. நாலு வரியையும் அழித்துவிட்டு, "தளபதியைப் போய்க் கொடுப்பாங்களாடா?" என்று அனுப்பினேன்.