அஞ்சு நிமிசம் லா அண்ணே!

"அண்ணே, மோட்டார் சாவி குடுங்கண்ணே, அஞ்சு நிமிசம் லா."

எங்கள் தோட்டத்தில் அஞ்சு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். ஐந்தரை மணி நேரம். ரொட்டி வாங்க என் மோட்டார் சைக்கிளில் போன பக்கத்து வீட்டுப் பையன் சுங்கை சிப்புட் பாசார் மாலாமை, அதாவது இரவுச் சந்தையைச் சுற்றிவிட்டு, அப்படியே ஈப்போ வரைக்கும் போய் வந்திருக்கிறான். ரொட்டி வாங்கினானா என்று தெரியவில்லை.

எனக்குக் காலையில் ஆறு மணி ஷிப்ட். இருட்டில் கிளம்பினால் செம்பனைக் காட்டுக்கு நடுவில் மோட்டார் நின்றுவிட்டது. பெட்ரோல் எண்ணெய் இல்லை! கொடுக்கும்போது முள் பாதிக்கு மேல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். என் ஹோண்டா ஈஎக்ஸ் ஃபைவ் எண்ணெய் குடிக்கிற வண்டியா? அதையே காயப்போட்டுவிட்டான். செம்மண் சடக்கில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன்.

நாலைந்து வெள்ளி எண்ணெய்க்காகக் கத்தவில்லை. சீட்டில் மீன் தண்ணீர் நாறுகிறது, கண்ணாடி வானத்தைப் பார்க்கிறது, பிரேக் மிதி வளைந்திருக்கிறது. கேட்டால், "ஏற்கெனவே அப்படித்தாண்ணே இருந்துச்சு" என்கிறான். என் மோட்டாரைப் பற்றி எனக்கே சொல்கிறான்!

இன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. அவனுக்கு லைசென்ஸ் இல்லை. 16 வயதிலேயே பி2 மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாம், இவனுக்கு 19 ஆகிறது. ரோட் பிளாக்கில் மாட்டியிருந்தால் அவனோடு போகாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாதவனை ஓட்ட விட்டவனையும் சேர்த்துத்தான் பிடிக்கும். 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை உள்ளேயும் போடலாம். அஞ்சு நிமிடத்துக்கு!

சரி, இல்லை என்று சொல்லித்தான் பாருங்களேன். அடுத்த லயத்துக்குள் செய்தி போய்விடும்: "மோட்டார் வாங்கினதும் அவனுக்குத் தலைக்கனம்." வெளியாள் பேச்சை விடுங்கள், எங்கள் அம்மாவே, "குடுத்தா மோட்டார் தேஞ்சா போயிடும்?" என்கிறார். தேயும் அம்மா. செயின் தேயும், டயர் தேயும், பிரேக் தேயும். அப்புறம் அந்தப் பழைய கதை: "சின்ன வயசுல உனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவன் அப்பாதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு?"

ஆமாம், கொண்டு போனார். அவரே ஓட்டிக்கொண்டு போனார்! சாவியை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கவில்லை. நானும் அதைத்தான் சொல்கிறேன். அவசரமா, நடு ராத்திரியில் கதவைத் தட்டுங்கள், பின்னால் ஏற்றிக்கொண்டு நானே போகிறேன்.

சாயங்காலம் அவன் மறுபடியும் வந்து நின்றான். அஞ்சு நிமிசமாம். "ஏறுடா, நானே கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

தலையைச் சொறிந்தான். "நீங்க வந்தா நல்லா இருக்காதுண்ணே. அங்க ஒருத்தங்களைப் பார்க்கணும்."